கதவில்லாத சமையலறை

1

என் மனைவி மல்லிகா ஊருக்குப் போய் இந்தப் பங்குனியோடு ஒரு வருஷம் ஆகிவிட்டது. ஊர் என்றால் திருவண்ணாமலை. இன்னும் சரியாகச் சொன்னால் அடி அண்ணாமலை. கிரிவலப் பாதையை ஒட்டியே அவளுடைய அக்கா லட்சுமியின் வீடு. காலையில் கடை திறக்கப் போன அக்காவின் கணவர் மத்தியானம் இல்லை என்று செய்தி வந்தது. மல்லிகா அன்றே கிளம்பினாள். கருமாதி முடிந்ததும் வந்துவிடுகிறேன் என்றாள். கருமாதி முடிந்தது. தீபத்துக்கு ஊரே கூடும்போது அக்கா மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாளே, தீபம் முடியட்டும் என்றாள். தீபம் முடிந்தது. துக்க வீட்டுக்கு முதல் பொங்கல் கிடையாது, அந்த நாளில் பக்கத்தில் ஆள் வேண்டாமா என்றாள். அதுவும் போயிற்று. வருஷத் திதி கொடுப்பதற்கு முன்னால் கிளம்புவது முறையா என்றாள். முறையில்லை என்று நானே ஒப்புக்கொண்டேன். முறை என்று வந்துவிட்டால் நான் எதிர்த்துப் பேசுகிறவன் இல்லை.

திதியும் முடிந்தது. அடுத்து என்ன காரணம் வரப்போகிறது என்று காத்திருந்தேன். எந்தக் காரணமும் வரவில்லை. எனக்குப் பயம் வந்தது அப்போதுதான்.

நான் இருப்பது கனடாவில், டொரண்டோவுக்கு மேற்கே ஓர் ஊர். நகராட்சியின் கட்டட அனுமதிப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மாடிப்படியின் கைப்பிடி எந்த உயரத்தில் இருக்கலாம், சுவருக்குள் ஓடும் குழாயை எந்த ஆய்வாளர் வந்து பார்த்த பிறகு மூடலாம் என்பதெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். யாரும் எழுப்பிக் கேட்டதில்லை.

அவளை வரவழைக்க முதலில் எனக்குப் பழகிய வழியில் முயன்றேன். இந்த மாகாணத்தின் மருத்துவ அட்டை செல்லுபடியாக வேண்டுமானால் ஆண்டில் இத்தனை நாள் இங்கேயே இருந்தாக வேண்டும் என்று ஒரு விதி உண்டு. அதை உட்பிரிவுகளோடு தொலைபேசியில் விளக்கினேன். மல்லிகா பொறுமையாகக் கேட்டாள்.

“இங்க பெரியாஸ்பத்திரி இருக்குதுங்க. அட்ட கேட்டா அக்காவோடத காட்டிக்கறேன். ரெண்டு பேருக்கும் ஒரே மூஞ்சிதானே.”

ஆளே இல்லாத தெருவிலும் பச்சை விளக்கு விழும்வரை நின்று கடக்கிற பெண் பேசுகிற பேச்சா இது? அவள் பேச்சே மாறியிருந்தது. முப்பது வருஷமாக என்னை ‘என்னங்க’ என்று கூப்பிட்டவள், சில மாதங்களில் ‘இன்னாங்க’வுக்குத் திரும்பிவிட்டாள். கனடா அவள் நாக்கின் நுனியில்தான் குடியிருந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

விதி பலிக்காததால் சமையலறையைக் கையில் எடுத்தேன்.

எங்கள் சமையலறை அலமாரிகள் ஓக் மரம். வீடு வாங்கும்போதே இருந்தவை. மேலே பூசியிருந்த வார்னிஷ் பழுத்த பூசணி நிறம். குடிவந்த அன்றே மல்லிகா, லாட்ஜ் மாதிரி இருக்கிறது என்றாள். பிறகு ஏதோ ஒரு பத்திரிகையில் பழம்புளி நிறத்தில் ஒரு சமையலறைப் படத்தைக் காட்டி, இது மாதிரி ஆக்க முடியுமா என்று பலமுறை கேட்டிருக்கிறாள். நல்ல மரம், இன்னும் உழைக்கும் என்று பதில் சொல்லியிருக்கிறேன். மரம் உழைத்துக்கொண்டேதான் இருந்தது.

2

இந்த ஊரில் மரத்துக்குச் சாயமேற்ற நாள் பார்க்க வேண்டும். பஞ்சாங்கத்தின் வேலையை இங்கே வெப்பமானி செய்கிறது. குளிரில் சாயம் காயாது. ஜன்னலைத் திறக்காமல் வார்னிஷ் அடித்தால் அடிக்கிறவன் காய்ந்துவிடுவான். ஆகவே மே மாதம் வரை பொறுத்து, சாமான் வாங்கக் கடைக்குப் போனேன். உப்புத்தாள் மூன்று சொரசொரப்பில், பிசுக்கு எடுக்கும் தூள், பழம்புளி நிறச் சாயம், வார்னிஷ், தூரிகை.

கடைக்காரப் பெண் எல்லாவற்றையும் பைக்குள் போட்டுக்கொண்டே, வீட்டை எப்போது விற்கப் போகிறீர்கள் என்று சிரித்த முகத்தோடு கேட்டாள். விற்கவில்லை என்றேன். அவள் முகத்தில் நம்பிக்கை தெரியவில்லை.

அவள்மேல் தவறில்லை. இந்த ஊர் வழக்கம் அப்படி. வாழ்கிற காலமெல்லாம் கறை படிந்த சமையலறையோடு வாழ்ந்துவிட்டு, போகிற நேரத்தில்தான் புதுப்பிப்பார்கள். வாங்க வருகிறவன் கண்ணுக்காக. அனுமதிப் பிரிவில் சமையலறை மாற்றத்துக்கு வந்த விண்ணப்பங்களில் பாதிக்குமேல் அந்த வகை. கையொப்பம் போடும்போதே ‘இந்தக் குடும்பம் கிளம்புகிறது’ என்று நினைத்துக்கொள்வேன்.

வீட்டுக்கு வந்து கதவுகளைக் கழற்றினேன். ஒவ்வொன்றின் உள்பக்கத்திலும் ஒட்டுத்தாளில் எண் எழுதி, கீலையும் திருகாணியையும் அதே எண்ணிட்ட பையில் போட்டு, கதவுகளைக் கார் கொட்டகையில் அடுக்கினேன். பிறகு உள்ளே வந்து பார்த்தேன். சமையலறை வாயைத் திறந்துகொண்டு நின்றது.

தயிர் டப்பாக்களில் பருப்புகள். ஐஸ்கிரீம் டப்பாவில் வெங்காய வடகம். எந்த டப்பாவிலும் மேலே எழுதியிருப்பது உள்ளே இல்லை. அவள் போனதிலிருந்து நான் ரொட்டியும் முட்டையும் கடையில் வாங்கிய சூப்புமாகக் காலம் தள்ளியவன். கடுகு எங்கே என்று இங்கிருந்து திருவண்ணாமலைக்குப் பேசிக் கேட்கக் கூச்சப்பட்டவன். இப்போது எல்லாம் கண்ணெதிரே இருந்தது. அன்று ரசம் வைத்தேன். மிளகாய் தாளித்ததும் கூடத்தின் கூரையில் இருக்கும் புகை எச்சரிக்கைக் கருவி அலறியது. எங்கள் மகள் அனிதா சின்னவளாக இருந்தபோது, தாளிக்கிற நேரமெல்லாம் துண்டை எடுத்து அதன் கீழே நின்று விசிறுவது அவள் வேலை. அதைக் கழற்றிவிடலாமே என்று மல்லிகா கேட்டதுண்டு. சட்டப்படி குற்றம் என்றிருக்கிறேன். குற்றம்தான். துண்டைத் தேடி எடுத்து நானே விசிறினேன். கை வலித்தது.

3

உப்புத்தாள் போடுவதற்கு முன்னால் பிசுக்கு எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் எண்ணெய் மரத்துக்குள் இறங்கி, சாயம் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். தூளின் உறையில் இருந்த குறிப்புகளை இரண்டு முறை படித்தேன். வெந்நீரில் கரைத்து, கையுறை போட்டு, துணியை நனைத்து, அடுப்புக்குப் பக்கத்துக் கதவிலிருந்து ஆரம்பித்தேன்.

கதவு சிவந்தது.

முதலில் கையுறை கிழிந்து என் விரல் வெட்டுப்பட்டதாக நினைத்துக் கழற்றிப் பார்த்தேன். விரல் நன்றாக இருந்தது. அடுத்த கதவைத் துடைத்தேன். அதுவும் சிவந்தது. கைப்பிடிக்கு ஒரு சாண் கீழே, கதவின் ஓரத்தில், நான்கு விரல்களின் தடம். அதற்கும் அடுத்ததில் உள்ளங்கையின் அடிப்பகுதி. மாவும் மசாலாவும் பட்ட கையால் கைப்பிடியைத் தொடக்கூடாது என்று அவள் எப்போதும் கதவின் கீழ் ஓரத்தைத்தான் பிடித்து இழுத்திருக்கிறாள். நான் அதைப் பார்த்ததே இல்லை.

மஞ்சளில் சுண்ணாம்பைக் கரைத்தால் ஆரத்தி. நம் ஊரில் பேச ஆரம்பித்த குழந்தைக்கும் அது தெரியும். என் கல்யாணத்தில் எனக்கே சுற்றி நெற்றியில் வைத்திருக்கிறார்கள். பிசுக்கு எடுக்கும் தூளும் சுண்ணாம்பின் பங்காளிதான். வார்னிஷின் பூசணி நிறத்துக்குள் இத்தனை வருஷ மஞ்சள் கண்ணில் படாமல் ஒளிந்திருந்து, தூளின் காரம் பட்டதும் வெளியே வந்துவிட்டது. உறையில் எச்சரிக்கைகள் நிறைய இருந்தன. இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

எல்லாக் கதவுகளையும் துடைத்துச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். பருப்புக் கதவு, மசாலாக் கதவு, எண்ணெய்க் கதவு, பாத்திரக் கதவு என எல்லாவற்றிலும் சிவந்த கைகள். ஒரே ஒரு கதவு சுத்தமாக இருந்தது. காபிக் கோப்பைகள் இருக்கும் கதவு. அதைத் திறப்பது நான் ஒருவன்தான், கைப்பிடியைப் பிடித்து.

அந்தச் சமையலறையில் எனக்கு இருந்த இடம் எவ்வளவு என்று ஓர் ஆய்வாளர் வந்து அளந்து காட்டியது போல இருந்தது.

மல்லிகாவை அழைத்தேன். எனக்குக் காலை, அவளுக்குச் சாயங்காலம். கைப்பேசியைத் திருப்பிக் கதவுகளைக் காட்டினேன். என்ன செய்கிறேன் என்று அதுவரை நான் அவளிடம் சொல்லவில்லை. கழுவிச் சுத்தம் செய்கிறேன் என்று மட்டும் சொன்னேன். அவள் ஒரு கணம் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் வெகு காலமாகக் கேட்டதில்லை.

“அக்கா, இங்க வந்து பாரேன். உன் மாப்ள வீடு பூரா ஆரத்தி கரைச்சு ஊத்தி வச்சிருக்காரு.”

லட்சுமி அக்காவின் முகம் திரையின் ஓரத்தில் வந்தது. கண்ணாடியை இறக்கிப் பார்த்தாள்.

“இன்னா மாப்ள, ஆள் வந்து சேர்றதுக்கு முந்தியே ஆரத்தியா?”

அக்கா மெதுவாகத் திரையை விட்டு விலகிப்போனாள். மல்லிகா தொண்டையைச் செருமிக்கொண்டு, கதவுகளை நல்ல தண்ணீரில் கழுவி வெயிலில் வைக்கச் சொன்னாள். மஞ்சள் கறை வெயிலுக்குத்தான் போகும். இங்கே வெயில் கம்மி என்றேன்.

“கம்மின்னா ரெண்டு நாள் ஜாஸ்தியா வைங்க.”

4

கார் நிறுத்தும் தளத்தில் பழைய போர்வையை விரித்து, வடகம் காயவைப்பது போல வரிசையாகக் கதவுகளைப் பரப்பினேன். பக்கத்து வீட்டுக்காரர் நாயோடு வந்து நின்று பார்த்தார். அவரும் அதே கேள்வியைத்தான் கேட்டார். நல்ல விலை போகும், இது சரியான பருவம் என்றார். நான் விற்கவில்லை என்றதற்கு, புரிகிறது, அறிவிப்பு வரும்வரை வாயைத் திறக்க மாட்டேன் என்று கண்ணைச் சிமிட்டினார்.

வெயில் கதவுகள்மேல் ஊர்ந்து போவதைப் பார்த்துக்கொண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். சிவப்பு முதலில் மஞ்சளானது. மஞ்சள் நாளாக ஆக வெளிறியது. நான் கறை எடுக்கிறேனா, வேறு எதையாவது எடுக்கிறேனா என்று ஒரு நேரம் சந்தேகம் வந்தது. அதற்கு முந்தின வாரமே சாயம் வாங்கிவிட்டேன். எடுத்த வேலையைப் பாதியில் விடுவது என் பழக்கத்தில் இல்லை.

5

உப்புத்தாள் போடுவது பொறுமையான வேலை. மரத்தின் ரேகை போகிற திசையிலேயே கை போக வேண்டும். குறுக்கே போனால் அப்போது தெரியாது; சாயம் ஏறியதும் கீறலெல்லாம் கறுப்பாக எழுந்து நிற்கும். பூசணி நிறம் தூளாக உதிர உதிர, உள்ளே ஓக் மரம் வெளுத்த கோதுமை நிறத்தில் இருந்தது. சாயத்தைத் தடவி, கொஞ்சம் ஊறவிட்டு, மிச்சத்தை உடனே துடைத்துவிட வேண்டும். துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். அதையும் தளத்தில் விரித்துக் காயவைத்து, நகராட்சியின் அபாயக் கழிவு மையம் திறக்கும் நாளில் கொண்டுபோய் ஒப்படைத்தேன். அங்கே இருந்தவர் என்னைப் பார்த்து, இவ்வளவு முறையாக யாரும் கொண்டுவருவதில்லை என்றார். பல வாரங்களுக்குப் பிறகு என்னை ஒருவர் பாராட்டினார்.

கதவுகளை மாட்டிய வாரக் கடைசியில் வேறு ஊரில் வேலை பார்க்கும் அனிதா வந்தாள். சமையலறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அசந்துபோய் நின்றாள்.

அனிதாவின் தமிழில் மனிதர்கள் எல்லாரும் ‘அது’. அம்மா எப்போது வரும் என்பாள், அப்பா சாப்பிட்டுச்சா என்பாள். நான் திருத்துவேன். மல்லிகா, எங்கள் ஊரில் பாசம் இருந்தால் அப்படித்தான் பேசுவோம், விடுங்கள் என்பாள். அன்று அனிதா என்னிடம் எதையும் கேட்கவில்லை. இங்கே வளர்ந்த பெண். புதுப்பித்த சமையலறைக்கு ஒரே அர்த்தம்தான் அவளுக்குத் தெரியும். அடுத்த அறைக்குப் போய் அம்மாவோடு பேசினாள்.

நான் அன்றே பல கோணங்களில் படம் எடுத்து மல்லிகாவுக்கு அனுப்பினேன். பதில் இல்லை. மறுநாள் அவளே அழைத்தாள். கேமராவை மட்டும் அணைத்துவைத்திருந்தாள்.

“வீட்ட விக்கப் போறீங்களாமே.”

யார் சொன்னது என்றேன்.

“அனிதாதான். அப்பா கிச்சன் பண்ணிடுச்சு, விக்கப் போகுதுன்னு. எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கணும்னு தோணலையா?”

விற்கவில்லை, உன்னை வரவழைக்கத்தான் செய்தேன், நீ கேட்ட நிறம்தான் என்றேன். மறுமுனையில் எங்கோ பேருந்தின் ஹாரன் கேட்டது.

“நான் வரணும்னா வான்னு சொல்லணும். கதவுக்கு எதுக்குங்க சாயம் அடிக்கணும்?”

மருத்துவ அட்டையைச் சொல்லியிருக்கிறேன், கடவுச்சீட்டுக் காலாவதியைச் சொல்லியிருக்கிறேன். யோசித்துப் பார்த்தால் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லைதான்.

“ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. அங்க எனக்குன்னு ஒரு வீடு இருக்குதுன்னுதான் நான் இங்க தெம்பா இருக்கறேன். அது இல்லன்னா நான் அக்கா வீட்ல வந்து ஒண்டிக்கிட்டவ. இன்னைக்கு அக்காவுக்குத் துணைக்கு இருக்கறேன்னு ஊர்ல சொல்றாங்க. நாளைக்கு வேற சொல்லுவாங்க.”

அவள் திரும்பி வராமல் போய்விடுவாளோ என்று நான் இங்கே பயந்துகொண்டிருந்தேன். திரும்ப இடமில்லாமல் போய்விடுமோ என்று அவள் அங்கே ஓர் இரவு முழுக்கப் பயந்திருக்கிறாள். அந்தப் பயத்தை நான்தான் உப்புத்தாள் போட்டு, சாயமேற்றி, மூன்று பூச்சு வார்னிஷ் அடித்து அனுப்பிவைத்திருக்கிறேன்.

6

தொலைபேசியில் சொல்ல வராத வார்த்தையை நேரில் சொல்லலாம் என்று விமானம் ஏறினேன். நாள் பார்த்தேனே தவிர, அது பௌர்ணமி என்று பார்க்கவில்லை. திருவண்ணாமலையில் பெண் எடுத்தவன் செய்யக்கூடாத தவறு. பேருந்தை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். ஓர் ஆட்டோ செங்கம் சாலையில் ஆசிரமத்துக்கு முன்னால் கொண்டுபோய் இறக்கிவிட்டு, இதற்கு மேல் போலீஸ் விடாது என்று திரும்பிவிட்டது. வெறுங்காலோடு நடந்துவந்த கூட்டத்தோடு கூட்டமாக, சக்கரப் பெட்டியை உருட்டிக்கொண்டு நானும் கிரிவலம் போனேன். தண்ணீர்ப் பாக்கெட் கொடுத்துக்கொண்டிருந்த ஒருவர் என் பெட்டியை ஏற இறங்கப் பார்த்தார்.

“பெட்டியோட சுத்தறதா வேண்டுதலுங்களா?”

ஆமாம் என்றேன். விளக்கிச் சொல்லத் தெம்பில்லை.

அடி அண்ணாமலையில் அக்காவின் வீட்டு வாசலில் மேஜை போட்டிருந்தது. இறந்துபோன சகலையின் கடை இப்போது மாதம் ஒரு நாள், பௌர்ணமிக்கு மட்டும் நடக்கிறது. பெரிய பாத்திரத்தில் சுக்குக் காபி, தொன்னையில் சுண்டல். அக்கா சுண்டல் பக்கம், மல்லிகா காபிப் பக்கம். வெயில் இன்னும் தாழவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, நெற்றி வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டு, சாமி இந்தப் பக்கம் வாங்க, சூடு ஜாஸ்தி பாத்து என்று அவள் பேசிக்கொண்டே ஊற்றுவதைக் கொஞ்ச தூரத்தில் நின்று பார்த்தேன். இவள் கனடாவில் இத்தனை பேரோடு பேசி நான் பார்த்ததில்லை. அங்கே யாரும் நம் வீட்டு வாசலில் நின்று எதையும் கேட்பதில்லை.

என்னைப் பார்த்தாள். ஆச்சரியப்பட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஒரு டம்ளரை நீட்டி, குடிச்சிட்டு அந்த டம்ளருங்களக் கழுவுங்க, ஆள் இல்ல என்றாள். கழுவினேன். நடுவில் ஒரு இடைவெளி கிடைத்தபோது அக்காதான் பேச்சை எடுத்தாள்.

“மாப்ள, நேராவே கேக்கறேன். இவள கூட்டிட்டுப் போகத்தானே வந்தீங்க?”

ஆமாம் என்றேன். பிறகு மல்லிகாவைப் பார்த்து, “வா மல்லிகா” என்றேன். சொல்லி முடித்ததும் கையிலிருந்த ஈர டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

மல்லிகா பாத்திரத்துக்குள் கரண்டியைப் போட்டு ஒரு சுற்று கலக்கினாள். எனக்கு எடுத்த டிக்கெட்டோடு அவளுக்கும் சேர்த்து ஒன்று எடுத்திருப்பதாகச் சொன்னேன். தேதியைக் கேட்டாள். அடுத்த வாரம் என்றேன். அக்கா சுண்டலை அள்ளுவதுபோலக் குனிந்துகொண்டாள்.

“தீபம் முடிஞ்சு வரேன். தேதிய மாத்த முடியுமா?”

முடியும் என்றேன்.

“வந்துட்டு, சித்திரையில மறுபடி இங்க வரணும். அக்காவ வருஷம் பூரா தனியா விட மாட்டேன். உங்களையும் விட மாட்டேன். நடுவுல ஒருத்தருக்கு முடியாம போனா ஓடணும். அப்பவும் மாத்த முடியுமா?”

“முடியும்.”

“எத்தன தடவ மாத்தலாம்?”

“எத்தன தடவ வேணும்னாலும் மாத்திக்கலாம்.”

அந்த வகை டிக்கெட்டை ஒரே ஒரு தடவைதான் மாற்றலாம். வாங்கும்போது நிபந்தனைகளை அடிக்குறிப்பு வரை படித்தவன் நான்.

லட்சுமி அக்கா நிமிர்ந்தாள். “அப்படியெல்லாம் குடுப்பானாடி ஏரோப்ளேன்காரன்?” என்றாள்.

மல்லிகா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதற்குள் மேஜைக்கு முன்னால் நான்கைந்து பேர் வந்து நின்றுவிட்டார்கள். கரண்டியை எடுத்து ஊற்ற ஆரம்பித்தாள்.

“அவரு சொன்னா சரியாத்தான்க்கா இருக்கும். ரூலெல்லாம் அவருக்கு அத்துப்படி.”